இரண்டு விரற்கடை

எனக்குக் கோபம் வந்தா கை நடுங்கும், ஊசியில நூல் கோக்க வராது. 1981-ல சித்திரையில இருந்து ஜூன் கடைசி வரைக்கும் எம் பொண்டாட்டி ஒச்சம்மாதான் எனக்கு நூல் கோத்துக் குடுத்தா. அம்புட்டுக்கும் காரணம் வைகை வட்டாரச் சாரணர் பேரவை.

நான் சோணை. செல்லூர்ல தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்துல தையக்கடை வச்சிருக்கேன். பள்ளிக்கூடத்து யூனிபார்ம், போலீஸ்காரர் சட்டை, மில்லுக்காரர் நிக்கர்னு இருபது வருசமா காக்கித் துணியிலயே பொழங்குனவன். தோள்பட்டை எறங்கிருச்சு, கழுத்துப் பிடிக்குதுன்னு குறை சொன்னவுக உண்டு, இல்லேங்கல. ஆனா நான் தைச்ச ஒரு பேட்ஜைப் பாத்து "இது உலகச் சகோதரத்துவத்துக்கே செய்யப்பட்ட துரோகம்"னு சொன்னது அந்தப் பேரவை ஒண்ணுதான்.

விசயத்துக்கு வாரேன். மருது என் மச்சினன், ஒச்சம்மா கூடப்பொறந்த ஒரே தம்பி. விளாங்குடிக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு. அவுக அப்பன் சின்னக்கருப்பன் காலம் பூரா அடுத்தவுக வயக்காட்டுல குனிஞ்சு நிமிந்த ஆளு. மருது பத்தாவது பாஸ் பண்ணிட்டு எங்க சந்துல இருக்கிற பவர்லூம் ஷெட்டுல வேலை பாத்தான். பள்ளிக்கூடத்துல பிடிச்ச ஸ்கவுட்டுப் பைத்தியம் அவனை விடவே இல்ல. பெரிய பசங்களுக்குன்னு ரோவர்னு ஒரு பிரிவு இருக்கு, இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அதுல இருக்கலாம். கயித்துல முடிச்சுப் போடுறது, கூடாரம் அடிக்கிறது, அடிபட்டவனைத் தூக்குறது எல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. பதினோரு பேட்ஜ் வாங்கியிருந்தான்.

ரயில்வேயில சாரணர் கோட்டான்னு ஒண்ணு உண்டு. அந்த வருசம் எங்க பக்கத்துக்கு ஒரே ஒரு எடம். மருது பரிட்சை எழுதி, ஓடி, குதிச்சு, எல்லாத்துலயும் தேறிட்டான். பாக்கி ஒரே ஒரு காயிதம், அதுக்குப் பேரு சீருடை ஒழுங்குச் சான்று. 'இன்னார் தம்முடைய சின்னங்களை விதிப்படி அணிகிறார்'னு பேரவை ஆணையர் கையெழுத்துப் போட்டு ஜூன் முப்பதாம் தேதிக்குள்ள குடுக்கணும். ஜூலை ஒண்ணாந்தேதி மருதுக்கு இருபத்தஞ்சு முடியுது. அதுக்கப்புறம் அவன் சாரணனும் இல்ல, அவனுக்குக் கோட்டாவும் இல்ல. எங்க ரெண்டு வம்சத்துலயும் சர்க்கார் வேலைக்குப் போனவன் ஒருத்தன் கிடையாது, அது வேற.

"ஒரு கையெழுத்துதானே மாமா"ன்னான் மருது.

"ஒரு கையெழுத்துதான் மாப்ள"ன்னேன் நானும். வெவரங்கெட்ட பயலுக ரெண்டு பேரும்.

மொதல்ல கோட்டு. பேரவை ஆணையர் காசிமாயன் சோழவந்தான்ல பெரிய வெத்தலைக் கொடிக்காலுக்குச் சொந்தக்காரர். உலகச் சாரணர் கூட்டம்னு ஒரு தடவை பனி கொட்டுற தேசம் எதுக்கோ போய்ட்டு வந்தாரு. அங்க எல்லாப் பயலும் கம்பளிக் கோட்டுப் போட்டு, அதுமேல கலர் கலரா பேட்ஜு தைச்சிருந்தானாம். அங்க குளிரு, போட்டான். இவரு ஊர் வந்து எறங்குன கையோட, இனிமே வைகை வட்டாரத்துல எவனும் சட்டையில பேட்ஜ் தைக்கக்கூடாது, கம்பளிக் கோட்டுலதான் தைக்கணும்னு உத்தரவு போட்டுட்டாரு. ஜாக்கெட்டுன்னுதான் அவுக சொல்றது. என் கடையில அந்தப் பேரைச் சொன்னா பொம்பளையாளுக ரவிக்கைத் துணிய எடுத்து நீட்டுறாக, அதனால நான் கோட்டுன்னே சொல்றேன். அழகர் ஆத்துல எறங்குற சமயம். ஊரே துருத்தியில தண்ணியப் பீச்சிக்கிட்டுத் திரியுது. மருது என் கடையில கைய விரிச்சு நின்னு கம்பளிக் கோட்டுக்கு அளவு குடுக்கிறான். வேர்வையில இஞ்சி டேப்பு வழுக்குது.

கோட்டைத் தைச்சு, பதினோரு பேட்ஜையும் பதிச்சு, அவனுக்கு மாட்டிவிட்டு, ரெண்டு பேருமாப் பேரவை ஆபீசுக்குப் போனோம். வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு மாடி. செயலர் தவசி உக்காந்திருந்தாரு. பத்திரப் பதிவு ஆபீசுல குமாஸ்தாவா இருந்து ரிட்டையரானவரு. அவருக்கு முன்னால தலகாணி மொத்தத்துக்கு ஒரு சைக்ளோஸ்டைல் புத்தகம், 'சின்னம் அணிதல் விதித்தொகுப்பு'. அதுமேல திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம்னு தனியா ஒரு கட்டு.

மருது விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சான். தவசி அவன் மூஞ்சியப் பாக்கல, நெஞ்சை மட்டும் பாத்தாரு.

"சாரணியம் என்பது என்ன?" அப்படின்னாரு என்கிட்ட.

"அடுத்தவுகளுக்கு ஒத்தாசை பண்றதுங்கய்யா"ன்னேன்.

"தவறு. ஒத்தாசையை ரிக்‌ஷாக்காரன்கூடச் செய்துவிடுவான். செய்த ஒத்தாசைக்கு உரிய சின்னத்தை உரிய இடத்தில் அணிவதுதான் சாரணியம். ஒத்தாசை இல்லாமல் சின்னம் இருக்கலாம், அதைச் சகித்துக்கொள்ள வழி உண்டு. சின்னம் இல்லாமல் ஒத்தாசை செய்பவன் சமுதாயத்துக்கு ஆபத்தானவன்."

அப்புறம் ஒவ்வொரு பேட்ஜா பாத்துக்கிட்டே வந்தவரு ஒண்ணைத் தொட்டு, "ஓ, எருமைச் சின்னம்!"னு சந்தோசப்பட்டாரு. அந்தக் கதையைச் சொல்லணும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மழையில வைகையில வெள்ளம் வந்தப்ப மருது உள்ள குதிச்சு மூணு பேரைக் கரையேத்துனான், கூடவே ஒரு எருமையையும் இழுத்துட்டு வந்தான். உயிர்காப்புச் சின்னம் வேணும்னா காப்பாத்தப்பட்டவுக பாரத்துல கையெழுத்துப் போடணும். அந்த மூணு பேரும் கைநாட்டு. கைநாட்டு செல்லாதுன்னுட்டாக. எருமைக்குச் சொந்தக்காரரு காசிமாயனுக்குப் பங்காளி, இங்கிலீஷுலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அதனால மருதுக்கு மனுசரைக் காப்பாத்துன பேட்ஜு கெடைக்கல, கால்நடை பேணல் பேட்ஜு கெடைச்சுச்சு. அவன் அதையும் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கிட்டான். அப்படிப்பட்ட பய.

எருமையில சந்தோசப்பட்ட தவசிக்கு உலகச் சின்னத்துக்கிட்ட வந்ததும் மூஞ்சி கருத்துப்போச்சு. நெஞ்சுப் பைக்கு மேல ஊதா வட்டமா இருக்குமே, அது. அப்பத்தான் அந்த உலகத் துரோக வசனம் வந்துச்சு.

"பையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். இது எத்தனை விரற்கடை?"

"ரெண்டுதான்யா. விரலை வச்சுப் பாத்துத்தானே தைச்சேன்."

"யாருடைய விரல்?"

"என் விரல்தான். வேற யாரு விரலை வைக்க?"

ஆபீசுல இருந்த நாலு பேரும் எந்திரிச்சு நின்னுட்டாக. பேரவையில விரல்னா அது ஆணையர் விரலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேத்து வச்சா என்ன அகலமோ அதுதான் ரெண்டு விரற்கடை. ஆணையர் ஊர்ல இல்லாத நாளுக்குன்னு ஈட்டி மரத்துல அதே அளவுல ரெண்டு விரலைச் செதுக்கி, செவப்பு வெல்வெட்டுப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாக. தவசி கையக் கழுவிட்டு வந்து அதைத் திறந்தாரு. நான் செருப்பைக் கழட்டுறதா வேணாமான்னு முழிச்சேன். மரவிரலை வச்சுப் பாத்தா என் தையல் ஒரு நெல்லு அகலம் கீழ நின்னுச்சு. என் விரலு ஊசி பிடிச்சுத் தேஞ்ச விரலு. அவரு வெத்தலைக்காரர், கொழுத்த விரலு.

"பிரித்துத் தையுங்கள்"னாரு தவசி.

பிரிச்சேன். மரவிரல் அளவை ஒரு அட்டையில வெட்டிக்கிட்டு வந்து, அதுப்படி தைச்சேன். பத்து நாள் கழிச்சுத்தான் அடுத்த தேதி குடுத்தாக. போனா, அன்னைக்கு ஆணையரே வந்திருக்காரு. நல்லதாப் போச்சு, இன்னைக்கே கையெழுத்து வாங்கிரலாம்னு மருது சிரிச்சான். தவசி விதிப் புத்தகத்தைப் புரட்டி, "நிஜ விரல் ஆஜராகியிருக்கும்போது மரவிரல் செல்லாது"ன்னாரு.

சரி, நிஜ விரலையே வையுங்கன்னு பாத்தா, காசிமாயனுக்கு ஆள்காட்டி விரல்ல நகச்சுத்து. அதுல ஒரு எலுமிச்சம்பழத்தைச் சொருகி வச்சிருக்காரு. நல்ல நாட்டு எலுமிச்சை, கோழிமுட்டை கணக்கா.

"பழத்தைக் கழட்டிட்டு அளக்கலாமேய்யா"ன்னேன்.

"ஆணையர் உடம்பில் இருப்பதைக் கழற்றச் சொல்ல இந்தப் பேரவையில் யாருக்கும் அதிகாரம் இல்லை"ன்னாரு தவசி.

காசிமாயன் பெருந்தன்மையாக் கையைத் தூக்கிக் காமிச்சாரு. "என்னைக் கேட்டால் கழற்றிவிடுவேன். ஆனால் என்னைக் கேட்கக்கூடாது. என் விரலைப் பற்றி நானே முடிவெடுத்தால் அது சர்வாதிகாரம். குழு முடிவு செய்யட்டும்."

மூணு பேர் குழு போட்டாக. குழு நாலு தடவை கூடுச்சு. அது கூடிக் கலையிறதுக்குள்ள மே மாசம் முடிஞ்சுபோச்சு. தீர்மானத்தைத் தவசி எழுந்து நின்னு வாசிச்சாரு: "விரலின் மேல் உள்ள எலுமிச்சம்பழம், விரலின் மேல் இருக்கும் வரையில், விரலே ஆகும்." நான் மறுபடியும் பிரிச்சு, பழத்தோட சேத்து அளந்து தைச்சேன். உலகச் சின்னம் மருதுவோட காரையெலும்பு மேல போய் உக்காந்துக்கிச்சு. அவன் தலையைத் திருப்புனா தாடை அதுல இடிக்கும். தீர்மானத்துல பேரவை முத்திரை விழ இன்னும் ஒரு வாரம் ஆச்சு. முத்திரை விழுந்த அன்னைக்கு ஆணையருக்கு நகச்சுத்து நல்லாயிருச்சு.

"பழைய அளவுக்கே தைத்துவிடுங்கள்"னாரு தவசி, காபி குடிச்சுக்கிட்டே.

ஜூன் இருவது ஆயிருச்சு. மருது தெனம் ஷெட்டுல இருந்து வந்து என் கடை வாசல்ல நிப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான், கோட்டைப் பாத்துட்டுப் போயிருவான். அவன் ஏதாச்சும் கத்தியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ஒச்சம்மாதான் அவனுக்கும் சேத்துக் கத்துனா.

கம்பளியில ஒரே எடத்துல திரும்பத் திரும்பப் பிரிச்சுத் தைச்சா என்ன ஆகும்? ஊசி போன வழியெல்லாம் சல்லடையாக் கெடந்துச்சு. அடுத்த தடவை தவசி பேட்ஜை அளக்கவே இல்ல, அந்த ஓட்டைகளைத்தான் கண்ணாடி வச்சுப் பாத்தாரு.

"விதி நாற்பத்தொன்று. அகற்றப்பட்ட சின்னத்தின் தடம் வெளியே தெரிந்தால், அந்தச் சின்னம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். இவரிடமிருந்து சின்னம் பறிக்கப்பட்டது எந்தக் குற்றத்துக்காக?"

"அட என்னய்யா இது! பிரிக்கச் சொன்னதே நீங்கதானே!"

"பிரிக்கச் சொன்னது நாங்கள். தடம் விட்டது நீங்கள். குற்றம் என்னவென்று தெரியும்வரை இவரை நிரபராதி என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை."

மருது பேர்ல ஒரு விசாரணை ஃபைல் திறந்துட்டாக. குற்றம்ங்கிற எடத்துல 'பின்னர் நிரப்பப்படும்'னு எழுதியிருந்துச்சு. மருது அதை எட்டிப் பாத்துட்டு, "நான் என்ன தப்பு செஞ்சேன் மாமா?"ன்னு என்கிட்டயே கேக்கிறான். நெசமாவே ஏதோ செஞ்சிருப்போமோன்னு ஒரு பயம் அவன் மூஞ்சியில.

தடந்தானே தெரியக்கூடாது? கோட்டுத் துணி மிச்சம் கெடந்துச்சு. அதுல ஒரு சதுரம் வெட்டி, ஓட்டை மேல வச்சு, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒட்டுப் போட்டேன். என் பொழப்புல அப்படி ஒரு ஒட்டு நான் போட்டதில்ல. நானே தடவிப் பாத்துத்தான் எடத்தைக் கண்டுபிடிக்கணும். தவசியும் தடவிப் பாத்தாரு.

"இது என்ன சின்னம்?"

"சின்னம் இல்லங்க, ஒட்டு."

"சாரணன் கோட்டில் தைக்கப்பட்ட துணித்துண்டு எதுவும் சின்னமே. சதுரம், காவி கலந்த பழுப்பு, எழுத்து இல்லை, உருவம் இல்லை." பேரேட்டைப் பூராவும் புரட்டுனாரு. "இப்படி ஒரு சின்னம் பதிவில் இல்லையே. யார் வழங்கியது?"

"நான்தான்யா போட்டேன்!"

"தாங்கள் சின்னம் வழங்கும் தகுதி பெற்றவரா?"

அவரு குரலைத் தணிச்சு, ஏதோ எனக்கு உபகாரம் பண்ற மாதிரி சொன்னாரு: "ஒரு வழி இருக்கிறது. இதைப் புதிய சின்னமாகப் பேரவை அங்கீகரிக்கலாம். பிறகு அதைப் பெறத் தம்பி ஆறு மாதப் பயிற்சியும் மூன்று முகாமும் முடிக்க வேண்டும்."

"அவனுக்கு இன்னும் ஆறு நாள்தான்யா இருக்கு."

"அது அவருடைய பிறந்த தேதியில் உள்ள குறை"ன்னாரு தவசி.

மறுநாள் ஒச்சம்மா கொண்டையை முடிஞ்சுக்கிட்டுக் கெளம்பிட்டா. நான் தடுக்கல, பின்னாலயே போனேன். ஆணையர் ரூமுக்குள்ள நேராப் போய் நின்னா.

"ஏங்கய்யா, ஆத்துல போன எருமைக்கு ஒரு பேட்ஜு குடுத்தீகள்ல? அந்த எருமைக்கு இருக்கிற மரியாதை எந் தம்பிக்கு இல்லையா? ஒரு கையெழுத்துக்கு அவனை எம்புட்டு நாளா நாயா அலைய விடுறீக! நீங்கள்லாம் புள்ளகுட்டி பெத்தவுகதானா?"

காசிமாயன் கோபப்படல. அதுதான் அவருகிட்ட உள்ள கஷ்டமே. "அம்மா, உங்கள் கண்ணீர் என்னை உருக்குகிறது. ஏழைகளுக்காகத்தான் இந்த விதிகள். பணக்காரப் பிள்ளைக்கு விதி எதற்கு, அவன் வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. விதி இல்லாவிட்டால் உங்கள் தம்பி இந்தப் படியே ஏறியிருக்க முடியாது"ன்னு சொல்லிட்டு, தவசியைக் கூப்பிட்டு ஒரு சலுகை குடுத்தாரு. ஜூன் முப்பது காலையில அணிவகுப்பு இருக்கு. அதுல மருது கோட்டோட வந்து நிக்கணும். அந்த ஒட்டை 'நிலுவையில் உள்ள சின்னம்'னு எடுத்துக்கிட்டு, அணிவகுப்பு முடிஞ்சதும் ஆணையரே அளந்து பாத்துக் கையெழுத்துப் போடுவாரு. ஒச்சம்மா அழுதுக்கிட்டே கும்பிட்டா. வெளிய வந்ததும், "நல்ல மனுசன்தானோ?"ன்னு என்கிட்டக் கேட்டா. நானும் அப்படித்தான் நெனைச்சேன், என்னை என்ன சொல்ல.

ஜூன் முப்பது. ஒரு பள்ளிக்கூட மைதானம், மரம் கெடையாது. எறநூறு பேரு கம்பளிக் கோட்டுல வரிசையா நிக்கிறாக. வெயிலு காலை ஒம்போதுக்கே கொளுத்துது. ஆணையர் கோட்டைப் பாக்கணுமே! முன்னால, பின்னால, கையில, காலர்லன்னு அறுபத்து மூணு பேட்ஜு. ரெண்டு ஆளுக தூக்கித்தான் மாட்டிவிட்டாக. மேடையில ஏறிப் பேச ஆரம்பிச்சாரு.

"சாரணர்களே! அன்று அந்தப் பனி தேசத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் என் கோட்டைப் பார்த்து, ஐயா, இத்தனை சின்னங்களும் எதற்காக என்று கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன பதில்..."

பதிலைச் சொல்லல. கண்ணு சொருகி, மேடையில இருந்து அப்படியே குப்புற விழுந்துட்டாரு.

எறநூறு பேரும் சல்யூட்டுல நிக்கிறாக. ஒருத்தன் அசையல. ஏன்னா ஆணையர் 'ஓய்வு'ன்னு சொன்னாத்தான் கையை எறக்கணும், அது விதி. தவசி சல்யூட்டுல நின்னபடியே, "யாரும் அசையாதீர்கள், ஆணையர் ஆணை தரும் நிலையில் இல்லை"ன்னு கத்துறாரு. மருது ஒருத்தன்தான் வரிசையை விட்டு ஓடுனான். ஆணையர் கழுத்தைத் தொட்டுப் பாத்தான், உடம்பு அனலாக் கொதிக்குது. உடனே அவரு கோட்டைக் கழட்டுனான், தன் கோட்டையும் கழட்டுனான். ரெண்டு கோட்டோட கையையும் உள்பக்கமா இழுத்துவிட்டு, ரெண்டு சாரணர் கம்பை அதுக்குள்ள விட்டு, பொத்தானை மாட்டுனான். ஒரு நிமிசத்துல தூக்குப் படுக்கை ஆயிருச்சு. கூடத் தூக்கறதுக்குச் சாரணன் ஒருத்தன் வரல. ஓரமா வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த நான்தான் போய் அந்தப் பக்கத்தைப் பிடிச்சேன். கனம்னா கனம், உசிரு போச்சு. போற வழியெல்லாம் என் தையலு படபடன்னு தெறிக்கிற சத்தம் காதுல விழுது. தெரு முக்குல ஒரு டாக்டர் வீடு. அவரு பாத்துட்டு, "கோட்டைக் கழட்டிக் கொண்டாந்ததாலதான்யா பொழைச்சாரு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ்வளவுதான்"ன்னாரு.

எனக்குச் சந்தோசம் தாங்கல. ஒரு எருமைக்காரன் கையெழுத்துப் போட்டதுக்கே பேட்ஜு வந்துச்சு. இப்ப ஆணையரையே தூக்கியாந்திருக்கான். இனி யாரு மறுப்பா? மருதும் கட்டிலுக்குப் பக்கத்துலயே சான்றுப் பாரத்தை வச்சுக்கிட்டு நின்னான். ஆணையர் கண்ணு முழிக்கச் சாயங்காலம் நாலரை மணி ஆச்சு. தவசியும் வந்துட்டாரு. ஆபீசு அஞ்சு மணிக்கு மூடுவாக.

காசிமாயன் மருது கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. நடிப்பில்ல, நெசமான தண்ணிதான்.

"தம்பி, என் உயிரைக் காத்தாய். காசிமாயன் என்ற தனிமனிதன் உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் கடன்பட்டவன். இப்போது ஆணையர் பேசுகிறேன். கொடி இறங்கும் முன்னால் கோட்டைக் கழற்ற உனக்கு அனுமதி கொடுத்தது யார்?"

மருது குனிஞ்சு கோட்டில்லாத தன் சட்டையைப் பாத்தான்.

"அது முதல் குற்றம். ஆணையர் கோட்டைக் கழற்றியது இரண்டாவது. சின்னங்களை உள்ளே மடக்கி, அவற்றின் மேல் ஓர் ஆளைப் படுக்கவைத்தது மூன்றாவது. அந்த ஆள் நானாக இருந்ததால் என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னித்தால் சுயநலம் ஆகிவிடும். நான் இறந்திருந்தால் அடுத்த ஆணையர் உன்னை மன்னித்திருப்பார். என்ன செய்ய, உயிரோடு இருக்கிறேனே!"

தவசி அந்த விசாரணை ஃபைலைத் திறந்து, குற்றம்ங்கிற எடத்துல 'பின்னர் நிரப்பப்படும்'னு இருந்ததை அடிச்சுட்டு, மூணையும் எழுதுனாரு. அவரு மூஞ்சியில அம்புட்டு நிம்மதி.

நான் காலைப் பிடிச்சேன். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா பிடிச்சேன். ஆணையரு "டாக்டர், எனக்குப் படபடப்பாக இருக்கிறது"ன்னாரு. எங்களை வெளிய அனுப்பிட்டாக. டங்குடங்குன்னு மணி அஞ்சு அடிச்சுச்சு. மருது பாரத்தை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, "வாங்க மாமா, டீ குடிப்போம்"ன்னான். டீக்கடை பெஞ்சுல உக்காந்து கிளாஸைக் கையில வச்சபடியே குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த ரயில்வே எடத்துக்கு அந்த வருசம் எவனுக்கும் சான்று கெடைக்கலையாம். வேலையே ரத்தாயிருச்சு.

ஆடி மாசம் பேரவையில இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. அவன் வரலாறு காணாத விதத்துல விதி மீறியிருக்கிறதால, இளம் சாரணருக்குப் பாடம் சொல்ல அவனைத் 'தவறான உதாரணமாக' நியமிச்சிருக்காகளாம். மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை அந்தக் கிழிஞ்ச கோட்டோட வந்து நிக்கணும். ஒழுங்கா வந்தா வயசு வரம்பைத் தளத்தச் சொல்லி மேலிடத்துக்குப் பரிந்துரை பண்றதைப் பத்திப் பரிசீலிப்பாகளாம். ஒச்சம்மா அதை அடுப்புல போடுன்னா. மருது வாங்கிப் பத்திரமா வச்சுக்கிட்டான்.

ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஒரு ஸ்டூல் மேல அவனை நிப்பாட்டியிருக்காக. தவசி பிரம்பால அவன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு, "இது கோணல், இது கிழிசல், இது இருக்கவே கூடாதது"ன்னு பாடம் நடத்துறாரு. சின்னப் பயலுக கெக்கெக்கேன்னு சிரிக்கிறானுக. அதுல பாதிப் பயலுகளுக்கு முடிச்சுப் போடக் கத்துக்குடுத்தவனே மருதுதான். அவன் நேராப் பாத்துக்கிட்டு, விறைப்பா, வேர்த்து ஊத்த நிக்கிறான். என்னால பாக்க முடியல, எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டு வருசம் ஆயிருச்சு. இன்னும் போறான், ஒரு மாசம் தவறல. பகல்ல தறி, ரெண்டாவது ஞாயிறு ஸ்டூல். போன வாரம் கோட்டைக் கொண்டாந்தான். ஆட்டம் கண்டு உலகச் சின்னம் தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் வேற வேலை நெனப்புல, கை பழக்கத்துல, வெட்டி வச்சிருந்த மரவிரல் அட்டையை வச்சு நச்சுன்னு தைச்சுக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானமே கோட்டு திரும்பி வந்துருச்சு, ஒரு சீட்டோட. தவசி கையெழுத்து: 'சின்னம் சரியான இடத்தில் உள்ளது. ஏற்பதற்கில்லை.'

"பிரிச்சுக் கோணலாத் தைச்சுருங்க மாமா"ன்னான் மருது. "எம்புட்டுக் கோணல்னு அளவு எழுதிக் குடுத்திருக்காக. அது மட்டும் சரியா இருந்துச்சுன்னா, இந்த வருசம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிருவாகளாம்."

அவன் கண்ணுல நம்பிக்கை இருந்துச்சு, பாவி. நான் அந்தச் சீட்டை வாங்கி மெஷின் மேல வச்சுட்டு, பிரிக்க ஆரம்பிச்சேன்.